பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: 2019 நவம்பரில் வாங்கிய சின்னக் கார் எங்களுடையது. பெட்ரோல், ஏ.எம்.டி. (தானாக மாறும்) கியர். இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் சர்வீஸுக்கு விட்டபோது பிரேக் ஆயில் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே இன்ஜின் ஃப்ளஷ், பிரேக் கிளீனிங் என்று இன்னும் நான்கைந்து. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டால், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆயில் மேக்ஸ் கோட்டுல நிக்குது, ஒழுகலும் இல்ல, எதுக்கு வீண் செலவு?" என்கிறார். என் மாமனார் பல வருடம் அம்பாசடர் ஓட்டியவர். அவரும் பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறாராம், மாற்றியதே இல்லையாம். 2022 சர்வீஸ் பில்லில் 'பிரேக் ஆயில் டாப் அப்' என்று ஒரு வரி இருக்கிறது. மகளுக்கு வால்பாறையில் வேலை என்பதால் மாதம் ஒருமுறையாவது மலை ஏறி இறங்குகிறோம். யார் சொல்வதைக் கேட்பது? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வணக்கம். சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் பிரேக் ஆயில் வரிக்குச் சரி சொல்லுங்கள். இன்ஜின் ஃப்ளஷை, அதாவது இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் வேலையை, அடித்துவிடுங்கள். 41,000 கிலோமீட்டர்தான் ஓடிய, நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அது தேவையில்லை. பிரேக் கிளீனிங்கைக் கடைசியில் பார்ப்போம்.

பெரும்பாலான கார்களுக்குப் பிரேக் ஆயில் கணக்கு இரண்டு வருடம். ஹோண்டா போன்ற சில கம்பெனிகள் மூன்று வருடம் என்று போடுகின்றன. உங்கள் காரோடு வந்த கையேட்டில், பராமரிப்பு அட்டவணையில் இதற்குத் தனி வரி இருக்கும். மாதமும் கிலோமீட்டரும் இரண்டும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வருடத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் உங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் மாதக் கணக்குதான் முந்தும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், 2019-இல் தொழிற்சாலையில் ஊற்றிய அதே ஆயில்தான் இன்னும் சக்கரங்களுக்குள் இருக்கிறது. 2022-இல் நடந்தது டாப் அப், அதாவது மேலே கொஞ்சம் ஊற்றினார்கள். உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கிறது.

உங்கள் பட்டறை அண்ணன் பார்த்தது பொய்யில்லை. அளவு சரியாக இருக்கிறது, ஒழுகலும் இல்லை. ஆனால் பிரேக் ஆயில் கெடுவது அளவில் தெரியாது. இன்ஜின் ஆயில் ஓட ஓடக் கெடும். பிரேக் ஆயில் கார் ஷெட்டில் நின்றாலும் கெடும். காரணம், அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தர வகைகள் இரண்டுமே கிளைக்கால் (ஈரத்தை இழுக்கும் வேதிப்பொருள்) வகை திரவங்கள். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவின் மூடி வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் நமக்குத்தான் நீர் புகாத பொருளாகத் தெரிகிறது. வருடக்கணக்கில் பார்த்தால் அதன் வழியே நீராவி ஊடுருவத்தான் செய்கிறது.

ஈரத்தைக் குடிப்பது ஒரு குறை என்று நினைக்க வேண்டாம். வேண்டும் என்றேதான் அப்படி இருக்கிறது. உள்ளே வந்த தண்ணீர் ஆயிலில் கரையாமல் தனித்து நின்றால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட் என்ற கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் அடியில் போய்த் தேங்கி, துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியிலேயே கொதிக்கவும் செய்யும். சிலிக்கோனால் ஆன டாட் 5 என்று ஒன்று உண்டு. அது ஈரம் குடிக்காது, ஆனால் தண்ணீர் அதில் தனியாக நிற்கும் என்பது அதன் பெரிய தொல்லை. ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களுக்கும் அது ஆகாது. யாராவது 'ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்' என்று அதைக் காட்டினால் வாங்கிவிடாதீர்கள். டாட் 5.1 என்பது வேறு, அது மறுபடி கிளைக்கால் வகைதான். பெயரைப் பார்த்துக் குழம்பாமல், காரின் ஆயில் டப்பா மூடியில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம்; டாட் 4 கேட்கும் காருக்கு டாட் 3 வேண்டாம்.

ஈரம் சேர்ந்தால் என்ன குறைகிறது? கொதிநிலை. கடையில் வாங்கிய புது டப்பாவை உடைத்தவுடன் டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. இது தரக்கட்டுப்பாட்டு விதி. அதே விதியில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரி. நூறு பங்கில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர், 65, 75 டிகிரியைச் சாப்பிட்டுவிடுகிறது.

சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த 75 டிகிரி போனது தெரியவே தெரியாது. உடுமலையிலிருந்து பொள்ளாச்சி போய் வருகிற பாட்டுக்குப் பத்து வருடம் மாற்றாமலும் ஓட்டிவிடுவார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. அதை வைத்துத்தான் 'மாற்ற வேண்டாம்' என்ற பேச்சே கிளம்புகிறது. நீங்கள் இறங்குவது வால்பாறை மலை. ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கார், நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்ந்து 1,300 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இது ஒவ்வொரு 100 மீட்டருக்கும். இதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் முன்சக்கர டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வழியாக, காலிப்பருக்குள் இருக்கும் கொஞ்சூண்டு ஆயிலுக்கு வந்து சேர்கிறது.

ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் காலால் மிதித்தது அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதற்கே சரியாகிவிடும், பெடல் 'பொதுக்' என்று உள்ளே போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது, இது நடக்கும் நேரம். மிதித்துக்கொண்டிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அழுத்தம் இருக்கும்வரை ஆயில் எளிதில் கொதிக்காது. காலை எடுத்தவுடன் அழுத்தம் இறங்கும், அப்போதுதான் குமிழி கிளம்பும். போன வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக் அடுத்த வளைவில் இல்லாமல் போவது இப்படித்தான். இன்னும் மோசமான இடம், நிறுத்திவிட்டுக் கிளம்பும் இடம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் எல்லோரும் நிறுத்துவார்கள், ஆழியாறு அணையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். ஓடும்போது டிஸ்க்கின் மேல் காற்று பட்டுக்கொண்டிருந்தது. நின்றதும் அதுவும் இல்லை. டிஸ்க்கில் இருந்த சூடு காலிப்பருக்குள் இறங்கி, நின்ற முதல் சில நிமிடங்களில் ஆயிலின் சூடு ஏறத்தான் செய்யும், குறையாது. ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் மிச்ச வளைவுகளை அந்த ஆயிலோடுதான் இறங்க வேண்டும். நிறுத்துவதானால் அரை மணி நேரம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே மெதுவாக வந்து பிறகு நிறுத்துங்கள்.

ஆறிய பிறகு அந்த ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் மிதித்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பார். மலையடிவாரத்துப் பட்டறைக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குக் கதை தெரியும்.

பேட் சூடாகிப் பிடி விடுவது இன்னொரு வகை. அதில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிற்காது, தீய்ந்த நாற்றம் வரும். அது ஆயில் கோளாறு இல்லை, ஓட்டுகிற முறையில் கோளாறு. உங்களுடையது ஏ.எம்.டி. என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கியர் தானாக மாறும் 'டி'-யிலேயே விட்டு மலை இறங்காதீர்கள். வேகம் கூடக் கூட அது தானாக மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடிப்பு போய்விடும், வேலையெல்லாம் பிரேக்குக்கு வந்துவிடும். மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வையுங்கள், வளைவில் முதல் கியர். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிட வேண்டும்.

எப்போதாவது பெடல் உள்ளே போனால், கியரைக் குறைத்து, பெடலை வேகமாகப் பலமுறை அடியுங்கள். குமிழி சுருங்கிக் கொஞ்சம் பிடிப்பு வரும். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்குங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங் கனத்துவிடும், பூட்டிக்கொண்டாலும் பூட்டிக்கொள்ளும்.

மாமனாரின் அம்பாசடர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து அம்பாசடரில் நாலு சக்கரமும் டிரம். சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டரின் ரப்பர் கப் அடிக்கடி போகும், ஒழுகும், கழற்றிக் கிட் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பழைய ஆயில் கொட்டிப்போய்ப் புதியதுதான் ஏறும். 'மாற்றியதே இல்லை' என்று அவர் சொன்னாலும், அவருக்கே தெரியாமல் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கும். இன்றைய கார்களில் சீல் பல வருடம் நிற்கிறது, அதனால் ஆயிலும் பல வருடம் உள்ளேயே கிடக்கிறது. அதோடு அம்பாசடரில் ஏ.பி.எஸ். கிடையாது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம், உங்கள் காரிலும் இருக்கும். அதற்குள் மெல்லிய வால்வுகள் இருக்கின்றன. பழைய ஆயிலில் துரு தடுக்கும் மருந்து தீர்ந்துபோய், உள்ளே அரிப்பு தொடங்கினால் முதலில் மாட்டிக்கொள்வது அவைதான். ஆயிலும் கூலியும் ஆயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். ஏ.பி.எஸ். யூனிட் மாற்றும் பில் பல்லாயிரத்தில் வரும். பெரும்பாலானவர்கள் மலை ஏறுவதில்லை. அவர்களும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காப்பி நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. வெளிறி, தேன் நிறத்தில் இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. தண்ணீர் கலந்த ஆயில் நிறம் மாறாமலும் இருக்கும். பேனா மாதிரி ஒரு மீட்டரை டப்பாவில் முக்கிப் பச்சை விளக்கு எரிகிறது என்று காட்டுவார்கள். அது பார்ப்பது மேலே டப்பாவில் இருக்கும் ஆயிலை, கொதிப்பதோ கீழே காலிப்பரில் இருப்பது. 2022-இல் மேலே புது ஆயில் ஊற்றியிருக்கும் உங்கள் காரில் அந்தப் பேனா பச்சையைக் காட்டினாலும் காட்டும்.

அந்த டாப் அப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய பிஸ்டன் முன்னால் வரும், டப்பாவில் அளவு இறங்கும். ஒழுகல் இல்லாமல் அளவு இறங்கினால் பேட்டைப் பார்க்கச் சொல்லிக் கார் சொல்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் மேலே ஊற்றிவிட்டால் அந்தச் சேதி அழிந்துவிடும். பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், மேக்ஸ் கோட்டுக்கு மேல் பொங்கி வழியும். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

சரி, எங்கே மாற்றுவது? உங்கள் தெரு அண்ணனிடமே மாற்றலாம். தேவை ஒரு புது ஆயில் டப்பாவும் ஒரு உதவியாளும்தான். இடத்தைவிட முக்கியம், உண்மையிலேயே மாற்றினார்களா என்பது. இந்த வேலையில் நடக்கும் குறுக்குவழி ஒன்றே ஒன்று: மேலே டப்பாவில் இருப்பதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, 'மாற்றியாச்சு' என்று பில் போடுவது. பத்து நிமிட வேலை. டப்பாவைப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். குழாயிலும் காலிப்பரிலும் பழைய சரக்கு அப்படியே கிடக்கும்.

எனவே பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போன மாதம் யாருக்கோ உடைத்து அலமாரியில் வைத்த பாதி டப்பா வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். சின்னக் காருக்கு ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். ஒவ்வொரு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து, அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, ஒரு பாட்டிலில் விடுவார்கள். முதலில் வருவது கலங்கலாக, சில சமயம் தேயிலைச் சாறு நிறத்தில் வரும், போகப் போகத் தெளியும். தெளிந்து, குமிழி நின்ற பிறகுதான் நிப்பிளை இறுக்க வேண்டும். நாலு சக்கரத்திலும் இது நடந்தால்தான் மாற்றியதாகக் கணக்கு. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வரிசையில் செய்யட்டும். உங்கள் காரில் கிளட்சைத் தானாக இயக்கும் யூனிட்டுக்குத் தனி ஆயில் இருக்கலாம். அது வேறு சரக்கு, அதன் டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் காரின் ஆயில் டப்பா காலியாகக் கூடாது. காற்று ஏறி ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் போய்விட்டால், சில கார்களில் கம்ப்யூட்டர் மாட்டாமல் ஏர் எடுக்க முடியாது, அப்புறம் சர்வீஸ் சென்டருக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடுத்தது, ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வேண்டாம். ஆறு வருடமாக, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் மேல் பாதியில்தான் போய் வந்திருக்கிறது, கீழ்ப் பாதியில் அழுக்கும் துருவும் இருக்கலாம். அங்கே இழுத்தால் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டால் தீர்ந்தது.

சீட்டில் இருந்த பிரேக் கிளீனிங்கும் உங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குக் கெட்ட செலவில்லை. பின் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி, முன் காலிப்பர் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் போட்டு, பேட் எவ்வளவு மிச்சம் என்று மில்லிமீட்டரில் எழுதித் தருவதானால் செய்யுங்கள். வெறுமே ஸ்பிரே அடித்துவிட்டுப் பணம் கேட்டால் வேண்டாம். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை வெளியே எடுக்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கி நிற்க வேண்டும். அது மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம். தொடர்ந்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்ற இடத்திலிருந்து மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் விட்டுவிட்டது. பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, அந்த மாதம் வால்பாறைக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.